இடது காலுக்கு வேலையில்லாத வேகம்: மஸில் கார்களும் ஸ்டோல் ஸ்பீடும்

'புல்லிற்' 1968இல் வந்த படம். 'வனிஷிங் பொயின்ற்' 1971இல் வந்தது. ஒன்றில் முஸ்டாங், மற்றதில் டொட்ஜ் சலஞ்சர். இரண்டிலும் நாயகன் ஓடுவது கையால் கியர் மாற்றுகிற கார்தான். அமெரிக்க மஸில் கார் எண்டு சொன்ன உடனே எங்கட தலைமுறைக்கு மனதில் வருகிற படமும் அதுதான்: ஒரு ஆம்பிளைக் கை, ஒரு கியர் லீவர், உறுமுகிற எஞ்சின். ஒட்டோமெற்றிக் கியர் அந்தப் படத்துக்குள் வராது. இங்கேயும் "ஒட்டோ காரா? அது பொம்பிளையள் ஓடுறது" எண்டு சொல்லிச் சிரிக்கிறவர்களை வீட்டிலும் கேட்டிருக்கிறோம், கம்பஸிலும் கேட்டிருக்கிறோம்.

அந்தச் சிரிப்பு எங்கேயிருந்து வந்தது எண்டு தேடப் போன இடத்தில்தான் ஸ்டோல் ஸ்பீட் எண்ட ஒரு எண் எங்களுக்கு அகப்பட்டது. அந்தக் காலத்து விளம்பரக் கையேடுகளில் குதிரைவலு பெரிய எழுத்தில் இருக்கும். 1970 செவல் எஸ்.எஸ். 454 காரின் எல்.எஸ்.6 எஞ்சினுக்கு 450 குதிரைவலு. அது காரில் பூட்டாத எஞ்சினை, பல உபகரணங்களையும் கழற்றிவிட்டு, மேசையில் வைத்து அளந்த கணக்கு. ஆனால் பச்சை விளக்கு விழுந்த முதல் இரண்டு செக்கனில் அந்த வலுவில் எவ்வளவு ரயருக்குப் போய்ச் சேரும் எண்டதைத் தீர்மானித்த எண்ணை வாங்குகிறவருக்கு யாரும் சொல்வதில்லை. இண்டைக்கு ஒரு பழைய மஸில் காரைத் திருத்தி ஓட நினைக்கிறவர் முதலில் தலையை உடைத்துக்கொள்வது அந்த எண்ணோடுதான்.

முதலில் சங்கதி என்னவெண்டு பார்த்துவிடுவோம். இரண்டு மேசை ஃபான்களை நேருக்கு நேர் வைத்து ஒன்றை மட்டும் போட்டால், அதன் காற்றில் மற்றதும் மெதுவாகச் சுழலத் தொடங்கும். காற்றுக்குப் பதில் ஒயிலை நிரப்பி, இரண்டையும் ஒரு உருண்டைக் கூட்டுக்குள் அடைத்தால் அது திரவ இணைப்பு. எஞ்சினோடு சேர்ந்து சுழல்வது பம்ப். கியர் பொக்ஸோடு சேர்ந்தது ரர்பைன். இரண்டுக்கும் நடுவில் ஸ்டேற்றர் எண்ட மூன்றாவது சில்லொன்றை வைத்து, திரும்பி வருகிற ஒயிலைப் பம்ப் சுழலும் பக்கத்துக்கே திருப்பிவிட்டால் அதுதான் டோர்க் கன்வேர்ட்டர். கார் நிற்கிற நேரத்தில் அது எஞ்சினின் முறுக்குவிசையை ஏறத்தாழ இரண்டு மடங்காக்கித் தருகிறது.

இப்போது காரை டிறைவில் போட்டு, பிறேக்கை இறுக்கி மிதித்து, எக்சலேற்றரை முழுக்க அமத்துங்கள். (உண்மையில் செய்து பார்க்க வேண்டாம், ஒயில் சில செக்கனிலேயே கொதிக்கத் தொடங்கிவிடும்.) ரர்பைன் அசையாது, பம்ப் சுழலும். எஞ்சின் ஒரு அளவுக்கு மேல் ஏற முடியாமல் நிற்கும். அப்படி நிற்கிற சுற்று வேகம்தான் ஸ்டோல் ஸ்பீட். கிளச் கார் ஓடுகிறவர்களுக்கு விளங்குகிற மாதிரிச் சொன்னால், கிளச்சைப் பாதி விட்டு எஞ்சினை எந்தச் சுற்றில் வைத்துக்கொண்டு காரை எடுக்கிறீர்கள் எண்டதை இங்கே ஒயில் முன்கூட்டியே முடிவுசெய்து வைத்திருக்கிறது.

இந்தச் சாமானைக் கண்டுபிடித்தவருக்குக் கார் நினைப்பே இருக்கவில்லை. ஹேர்மன் ஃபொட்டிங்கர் ஜேர்மனியின் ஸ்ரெற்றின் நகரில், வுல்கன் கப்பல் கட்டும் தளத்தில் வேலை செய்தவர். இண்டைக்கு அந்த ஊர் போலந்தில் இருக்கிறது. நீராவி ரர்பைன் மிக வேகமாகச் சுழன்றால்தான் அதில் பயன், கப்பலின் விசிறியோ மெதுவாகச் சுழன்றால்தான் தண்ணீரைத் தள்ளும். இரண்டையும் பற்சில்லு இல்லாமல் இணைக்க 1905இல் அவர் எடுத்த காப்புரிமையிலிருந்துதான் எல்லாம் தொடங்குகிறது.

காருக்குள் திரவம் பெருமெடுப்பில் வந்தது 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபீலின் ஹைட்ராமெற்றிக்கோடு. அதில் இருந்தது வெறும் திரவ இணைப்பு, ஸ்டேற்றர் இல்லை. பிறகு யுத்தம் வந்தது. எம்.5 ஸ்ரூவர்ட் தாங்கியில் இரண்டு கடிலாக் எஞ்சின்களும் இரண்டு ஹைட்ராமெற்றிக்கும் போனது. யுத்தம் முடிந்து காலிழந்த படையினர் ஊர் திரும்பியபோது, அவர்கள் கார் வாங்க 1,600 டொலர் வரை கொடுக்கிற சட்டத்தை அமெரிக்கக் காங்கிரஸ் 1946இல் நிறைவேற்றியது. ஓல்ட்ஸ்மொபீல் அவர்களுக்கெண்டே கைக் கட்டுப்பாடுகள் பூட்டிய கார்களைக் கொடுத்தது. கிளச் பெடல் இல்லாத கார் சோம்பேறியின் ஆடம்பரம் எண்டு சொல்கிறவர்கள் இந்த இடத்தைத் தாண்டித்தான் போகவேண்டும். யுத்தம் முடிந்த ஒரு நாட்டில் வளர்ந்த எங்களுக்கு இதைச் சும்மா ஒரு வரியாக வாசித்துவிட்டுப் போக முடியவில்லை.

உண்மையான டோர்க் கன்வேர்ட்டர் 1948 பியூக்கின் டைனஃப்ளோவில் வந்தது. டிறைவில் போட்டால் அது கியரே மாற்றாது. நிற்கிறதிலிருந்து முழு வேகம் வரை எல்லா வேலையும் ஒயிலுடையது. எஞ்சின் இரையும், கார் பிறகு ஆறுதலாக வரும். பட்டுப்போல ஓடும், ஆனால் பெற்றோலைக் குடிக்கும். கஞ்சி கிண்டுகிற மாதிரி ஒரு ஓட்டம் எண்டதால் 'டைனஸ்லஷ்' எண்டு பட்டப்பெயர் வைத்தார்கள். 1950இல் செவ்ரோலேயின் பவர்கிளைட் அதே பாதையில் வந்தது. ஒட்டோமெற்றிக் மீதான ஏளனம் பெரும்பாலும் இந்தக் காலத்தில் உறைந்துபோன ஒன்று. அதில் நியாயமே இல்லையெண்டு சொல்லமாட்டோம், டைனஃப்ளோ மந்தமானதுதான். ஆனால் மந்தம் தானியங்கிக் கியரின் இயல்பு இல்லை. சத்தமில்லாமல், உலுப்பாமல் ஓட விரும்பிய ஒரு குடும்பத்தை மனதில் வைத்து எஞ்சினியர்மார் எடுத்த தெரிவு அது.

1953 ஓகஸ்ட் 12இல் மிச்சிகனின் லிவோனியாவில் இருந்த ஹைட்ராமெற்றிக் தொழிற்சாலை எரிந்து சாம்பலானது. ஆட்களும் செத்தார்கள். கடிலாக்கும் ஓல்ட்ஸ்மொபீலும் சில மாதங்களுக்கு பியூக்கிடம் டைனஃப்ளோ வாங்கிப் பூட்டின. ஜெனரல் மோட்டோர்ஸ் அவசரமாகப் பிடித்த புது இடம் வில்லோ ரன். யுத்தகாலத்தில் போர்ட் கம்பனி 8,000க்கும் மேற்பட்ட பி-24 குண்டுவீச்சு விமானங்களைக் கட்டிய அதே பிரமாண்டமான கட்டடம். அந்த விமானங்களுக்கு ஆணியறைந்தவர்களில் ஆயிரக்கணக்கானவர்கள் பெண்கள். யுத்தம் முடிய அவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பின்னாளில் மஸில் கார்களுக்குப் போன ரேர்போ ஹைட்ராமெற்றிக் 400 கியர் பொக்ஸ் அங்கேதான் செய்யப்பட்டது. இதை ஞாபகம் வைத்திருங்கள், கொஞ்சத்தில் தேவைப்படும்.

1964இல் பொன்ரியாக் ஜி.ரி.ஓ. வருகிறது. நடுத்தர அளவுக் காரில் 330 கன அங்குலத்துக்கு மேல் எஞ்சின் போடக்கூடாது எண்டது ஜெனரல் மோட்டோர்ஸின் உள்விதி. ஜோன் டிலோரியனும் கூட்டாளிகளும் 389 கன அங்குல எஞ்சினை ஒரு மேலதிகத் தெரிவாக நுழைத்து விதியைச் சுற்றிப் போனார்கள். அதற்குக் கிடைத்த ஒட்டோமெற்றிக்கில் இரண்டே இரண்டு கியர்தான். பெடியள் நாலு கியர் மனுவலைத் தேடியதில் ஆச்சரியமில்லை.

ஆனால் அதற்கு முன்னமே வேறொரு பக்கம் கதை மாறத் தொடங்கியிருந்தது. கிறைஸ்லரில் வேலை செய்த இளம் எஞ்சினியர்மார் சிலர் ராம்சார்ஜர்ஸ் எண்ட பெயரில் ஒரு கழகம் வைத்திருந்தார்கள். அறுபதுகளின் தொடக்கத்தில் அவர்கள் கால் மைல் றேஸுக்குக் கொண்டுபோனது பொத்தான் அமத்திக் கியர் போடுகிற மூன்று கியர் டோர்க்ஃப்ளைற் கார்களை. பொத்தான் வைத்த காரைப் பார்த்துச் சிரித்த மனுவல் காரர்கள் அதன் பின்விளக்கைப் பார்க்க வேண்டி வந்தது.

ஏன் எண்டு ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ரேர்போ 400இன் முதல் கியர் விகிதம் 2.48. அதே காலத்துச் செவ்ரோலேயின் நெருக்கமான விகிதமுள்ள நாலு கியர் மனுவலில் அது 2.20. கார் அசையத் தொடங்கும் கணத்தில் கன்வேர்ட்டர் இரண்டு மடங்கு பெருக்குகிறது எண்டு எடுத்தால், ஒட்டோமெற்றிக்கில் மொத்தப் பெருக்கம் கிட்டத்தட்ட 5. மனுவலில் 2.20 மட்டும்தான். மனுவல்காரர் கிளச்சைச் சடாரென்று விட்டு, சுழல்சில்லின் உந்தத்தால் இதை ஈடுசெய்ய முடியும். அதற்கு நல்ல கால் வேண்டும், அந்தக் கால் பத்துத் தரமும் ஒரே மாதிரி வேலை செய்யவும் வேண்டும். ஒயிலுக்கு அந்தப் பிரச்சினை இல்லை.

ஆனால் ஒரு நிபந்தனை. அந்தப் பெருக்கம் எஞ்சினுக்கு உண்மையில் முறுக்குவிசை இருக்கிற சுற்றில் நடக்கவேண்டும். இங்கேதான் ஸ்டோல் ஸ்பீட் தெரிவு வருகிறது. பெரிய கேம் ஷாஃப்ட் போட்ட எஞ்சின் 1,500 சுற்றில் இருமும், தும்மும். 2,500க்கு மேல்தான் அதற்கு உயிர் வரும். அதன் பின்னால் 1,600இல் நிற்கிற குடும்பக் கார் கன்வேர்ட்டரைப் பூட்டினால், கார் புறப்படும்போது எஞ்சின் நித்திரையில் இருக்கும். சிவப்பு விளக்கில் டிறைவில் நிற்கும்போதே எஞ்சின் செத்துப்போகவும் கூடும். 1969 கமாரோ இசட்/28 மனுவலில் மட்டுமே விற்கப்பட்டது சும்மா இல்லை. உச்சச் சுற்றுக்கெண்டு செய்த அந்தச் சின்ன 302 எஞ்சினோடு மென்மையான ஒட்டோமெற்றிக் ஒத்துப்போயிருக்காது.

எண்ணை எப்படி மாற்றுவது? விட்டத்தை மாற்றினால் போதும். திரவம் கடத்துகிற முறுக்குவிசை, சுற்று வேகத்தின் வர்க்கத்தோடும் விட்டத்தின் ஐந்தாம் அடுக்கோடும் ஏறுகிறது. ஐந்தாம் அடுக்கு எண்டால் ஒரு அங்குலம் குறைந்தாலே பெரிய வித்தியாசம். கிறைஸ்லர் ஹெமி போன்ற தன் வலுவான எஞ்சின்களுக்கு வழமையான 11¾ அங்குலக் கன்வேர்ட்டருக்குப் பதில் 10¾ அங்குலத்தைப் பூட்டியது. மற்றதெல்லாம் சமன் எண்டால் அதனால் ஸ்டோல் ஏறத்தாழ கால்வாசி கூடும். பியூக், ஓல்ட்ஸ்மொபீல், கடிலாக் கார்களில் 1965 முதல் 1967 வரை வந்த ரேர்போ 400இல் இன்னொரு கெட்டித்தனம் இருந்தது. ஸ்டேற்றரின் தகடுகள் கோணம் மாறும். ஒரே கன்வேர்ட்டருக்கு இரண்டு ஸ்டோல், புறப்பட ஒன்று, பயணத்துக்கு ஒன்று. எங்களைக் கேட்டால் அந்தப் பத்தாண்டின் மிக அழகான யோசனை அதுதான். 1968இல் அதைக் கைவிட்டுவிட்டார்கள்.

இண்டைக்குத் தெரிவு செய்கிறவர் பெரும்பாலும் வழுக்குவது ஒரு இடத்தில்தான். பெட்டியில் '2,800' எண்டு எழுதியிருந்தால் அது அந்தச் சாமானுடைய குணம் எண்டு நம்பிவிடுகிறார். ஸ்டோல் ஸ்பீட் கன்வேர்ட்டருக்குள் மட்டும் இருக்கிற ஒன்றல்ல. அதே கன்வேர்ட்டர், தள்ளுகிற எஞ்சினைப் பொறுத்து வேறு எண் காட்டும். 1970 செவலின் சாதாரண 307 எஞ்சினுக்கு 300 இறாத்தல்-அடி முறுக்குவிசை, எல்.எஸ்.6க்கு 500. முதலாவதின் பின்னால் 1,700இல் நிற்கிற ஒரு கன்வேர்ட்டர் இரண்டாவதின் பின்னால் தோராயமாக 2,200 வரை போகும். கார் பாரமெண்டால் இன்னும் கொஞ்சம் ஏறும். பிறேக்கை மிதித்து அளக்கிறதும் முழு உண்மை சொல்லாது. வலுவான எஞ்சினில் பிறேக் தோற்று, உண்மையான ஸ்டோல் வரமுதலே பின்சில்லு சுழன்றுவிடும்.

பிறகு பின்அச்சு. 3.31 விகித டிபரன்சலும் 26 அங்குல ரயரும் உள்ள கார் மணிக்கு 60 மைலில் போனால் எஞ்சின் கிட்டத்தட்ட 2,550 சுற்றில் ஓடும். அந்தக் காரில் றேஸ் ஆசையில் 3,500 ஸ்டோல் பூட்டினால், நெடுஞ்சாலையில் நாள் முழுக்க ஒயில் வழுக்கிக்கொண்டே இருக்கும். வழுக்கல் எண்டால் சூடு, சூடு எண்டால் கியர் பொக்ஸின் ஆயுள் குறைவு. ஒயில் கூலர் போட்டால் கொஞ்சம் தாங்கும். ஆகவே கேம் எந்தச் சுற்றில் இழுக்கத் தொடங்குகிறதோ அதற்குச் சற்று மேல், பயணச் சுற்றுக்குப் பக்கத்தில் எண்டு நிற்பதுதான் நிதானமான வழி. கடைக்கும் கோயிலுக்கும் போய்வருகிற ஒரு 454க்கு 2,200க்கும் 2,600க்கும் இடையில் போதும் எண்டே நாங்கள் சொல்லுவோம். அதற்கு மேல் கேட்பது காரில்லை, ஆள்.

திரும்ப வில்லோ ரன்னுக்கு வருவோம். 1967இல் ஜி.ரி.ஓ.வுக்கு மூன்று கியர் ரேர்போ 400 கிடைத்தது. அதோடு ஹேர்ஸ்ற் கம்பனியின் டுவல் கேற் லீவரும். லீவருக்கு இரண்டு பாதை. ஒன்றில் போட்டால் கார் தானாகக் கியர் மாற்றும், மற்றதில் போட்டால் ஆள் கையால் மாற்றலாம். இதை எப்படி விற்றார்கள் தெரியுமா? 'அவனுக்கும் அவளுக்கும்' எண்டு. கையால் மாற்றுகிறது அவனுடையது, தானாக மாறுகிறது அவளுடையது. கியர் பொக்ஸ் வந்ததோ, பெண்கள் குண்டுவீச்சு விமானம் கட்டிய கட்டடத்திலிருந்து. இரண்டு பாதையின் பின்னாலும் இருந்தது ஒரே கன்வேர்ட்டர், ஒரே ஸ்டோல். ஒயிலுக்கு யார் ஓடுகிறார் எண்டு தெரியாது. ஏளனம் இயந்திரத்துக்குள் இருக்கவில்லை, லீவரின் மேல் ஒட்டிய பெயரில் இருந்தது.

கம்பனி தராத எண்ணைப் பெடியள் தாங்களே எடுத்துக்கொண்ட கதையும் உண்டு. 1971 மாடலாக செவ்ரோலே வேகா எண்ட சின்னக் கார் வந்தது, 2.3 லீற்றர், நாலு சிலிண்டர். அதன் சின்னக் கன்வேர்ட்டரைக் கழற்றிப் பெரிய வி8 எஞ்சினின் பின்னால் பூட்டினால் ஸ்டோல் 3,000 பக்கம் பாயும் எண்டு கண்டுபிடித்தார்கள். இவ்வளவு வலுவுக்குச் செய்யப்படாத சாமான் எண்டதால் கூடு பலூன் மாதிரி வீங்கும், தகடுகள் கழன்றுவரும். வெட்டித் திறந்து, தகடுகளைப் பித்தளை உருக்கி ஒட்டி, திரும்ப வெல்ட் பண்ணினார்கள். கன்வேர்ட்டர் திருத்துகிற ஒரு தொழிலே இப்படியான பட்டறைகளில் வளர்ந்தது.

அந்த வேகா கார் ஓஹையோவின் லோர்ட்ஸ்ரவுணில் கோர்க்கப்பட்டது. வழமையான கோர்ப்பு வரிசையில் மணிக்கு அறுபது கார் போனால், அங்கே நூறு. ஒரு காருக்கு 36 செக்கன். வேலை செய்தவர்கள் பெரும்பாலும் இருபதுகளில் இருந்தவர்கள், வியற்நாமிலிருந்து திரும்பியவர்களும் அவர்களுக்குள் இருந்தார்கள். ஆட்களைக் குறைத்து வேகத்தை மட்டும் குறைக்காமல் விட்டபோது 1972 மார்ச்சில் அவர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள், மூன்று வாரமளவுக்கு. அவர்கள் முதன்மையாகக் கேட்டது கூடின சம்பளம் இல்லை, மூச்சு விடுகிற நேரம். அதே வயதுப் பெடியள் சனிக்கிழமை பின்னேரங்களில் அந்தக் காரின் கன்வேர்ட்டரைப் பூட்டிக்கொண்டு கால் மைலில் அரைச் செக்கன் குறைக்கப் பாடுபட்டார்கள். வேகம் யாருக்காக எண்டது இரண்டு இடத்திலும் ஒரே கேள்வியாக இருக்கவில்லை.

மிச்சக் கதை கெதியில் முடிந்தது. 1970இன் தூய காற்றுச் சட்டம், ஏறிக்கொண்டே போன காப்புறுதிக் கட்டணம், 1971இல் குறைக்கப்பட்ட அமுக்க விகிதம், 1973 ஒக்ரோபரின் எண்ணெய்த் தடை. வழுக்கி வீணாகிற ஒவ்வொரு துளி பெற்றோலும் கணக்கில் வந்தது. 1978இல் கிறைஸ்லர், ஓடும்போது பம்பையும் ரர்பைனையும் இறுக்கிப் பிடிக்கிற உட்கிளச்சைக் கன்வேர்ட்டருக்குள் வைத்தது. பக்கார்ட் கம்பனி 1949இலேயே இதைச் செய்திருந்தது, அப்போது அதைப் பின்தொடரத்தான் பெரிதாக ஆளிருக்கவில்லை.

2017இல் டொட்ஜ் தன் சலஞ்சர் டீமன் காரை அறிவித்தது. 840 குதிரைவலு, கால் மைல் றேஸுக்கெண்டே செய்தது. அதன் செய்தி அறிக்கையில், கன்வேர்ட்டரின் ஸ்டோல் ஸ்பீட் 11 சதவீதம் கூட்டப்பட்டிருக்கிறது எண்டு பெருமையாக எழுதியிருந்தார்கள். 'வனிஷிங் பொயின்ற்' நாயகன் கையால் கியர் மாற்றி ஓடிய அதே சலஞ்சர் பெயர்தான். டீமன் ஒட்டோமெற்றிக்கில் மட்டுமே விற்கப்பட்டது.